ஐதரசன் என்று ஒருவர்

லா ஷப்பல், பரிஸ்
12.02.2023

அன்புள்ள மகள் அக்‌ஷராவுக்கு,

நானும் அப்பாவும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று எழுதத்தான் பேனையை எடுத்தேன், ஆனால் உன் மனதை நோகடித்தவளே உன் சுகத்தை விசாரிப்பதா என்று கை நின்றுவிட்டது. பிரெஞ்சில் ஒரு வரி அனுப்பியிருக்கலாம். மெத்ரோ ரயிலில் ஒருவரின் காலை மிதித்தாலும் "பார்தோன்" என்கிறோம், அந்தச் சொல் இதற்குப் போதாது. எழுத்துக்கூட்டியாவது இதை வாசி பிள்ளை.

அப்பாவின் முழங்கால் பரவாயில்லை. பல்கனியில் வைத்த கறிவேப்பிலை குளிரில் பட்டுவிட்டது. ரோமனின் தாய் தகப்பன் முதல்முறை சாப்பிட வந்த அன்று அதைக்கூடத் தூக்கி உள்ளே ஒளித்து வைத்தேன். நீ ரோமனை விரும்புகிறேன் என்றபோது பாண்டிச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பம் என்று நான் முகம் சுளிக்கவில்லை, அது உனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் வருகிறார்கள் என்றதும் வீட்டைத் துடைத்த கையோடு உன்னையும் துடைத்து வைத்தேன். அந்தப் பசிபிக் தீவில், நூமேயாவில் பெரிய அலுவலகம், எஞ்சினியர், தனி மேசை என்று நானாகவே அடுக்கினேன். கடலடியிலிருந்து வரும் குமிழிகளைப் போத்திலில் பிடிப்பதுதான் என் மகளின் வேலை என்று சொல்ல நா எழவில்லை. ரோமன் வீட்டில் எதையும் விளக்கிச் சொல்லாத பிள்ளை, அதுவும் எனக்கு வசதியாகப் போயிற்று.

சோறு போடும்போது நீ வீடியோவில் கூப்பிட்டாய். இங்கே இரவு, அங்கே உனக்கு மறுநாள் விடிந்திருந்தது. ரோமனின் தாய் மரி-லூயிஸ், எடுங்க, மருமகளைப் பார்ப்போம் என்று ஆசையாக எட்டிப் பார்த்தார். கடல் வற்றிய சேற்றில் முழங்கால் வரை நின்றாய், தலை முழுக்க உப்பும் ஈரமும், கையில் கவிழ்த்துப் பிடித்த போத்தில். அம்மா, ஐதரசன், ஐதரசன் அம்மா என்று கத்தினாய். நான், பிறகு கதைப்பம் பிள்ளை என்று சொல்லி அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

மரி-லூயிஸ் கரண்டியை வைத்துவிட்டு, யாருங்க அந்த ஐதரசன் என்று கேட்டார். பாண்டிச்சேரியில் படித்தவர்களுக்கு அது ஹைட்ரஜன். எங்கள் யாழ்ப்பாணத்துப் பாடப்புத்தகச் சொல் அவருக்கு ஏதோ ஆம்பிளையின் பெயராகக் கேட்டிருக்கிறது. ஒரு வார்த்தையில் திருத்தியிருக்கலாம். திருத்தினால் சேறும் குமிழியும் பின்னால் வருமே என்று பயந்து, அவவின்ரை ஷெஃப், வேலையிடத்து மேலதிகாரி என்று சொல்லிவிட்டேன். ஷெஃபைப் பார்த்து இவ்ளோ சந்தோஷப்படற பொண்ணை இப்பதாங்க பார்க்கறேன் என்றார் ரோமனின் தகப்பன் இஞ்ஞாசி. அதற்கும் சிரித்தேன். அவர்கள் போனபின் அப்பா கோப்பை கழுவிக்கொண்டே, சூரியனிலை இருந்து எங்கடை சோத்துப்பானைத் தண்ணி வரைக்கும் அவர்தானே, ஷெஃப் எண்டது பிழையில்லை என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பிறகு அவர்கள் ஐதரசன் யார் என்று ரோமனைக் கேட்க, ரோமன் உன்னைக் கேட்க, "என் ஷெஃபின் பெயர் மதாம் சுசான், அம்மா" என்று நீ ஒரு வரி எழுதினாய். அதன்பின் நீ தொலைபேசியை எடுக்கவேயில்லை. அந்த வரியை வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் வாசிக்கிறேன். நீ சின்னவளாக இருக்கும்போது குசினி மேசையில் வைத்து அந்தச் சொல்லை உனக்குத் தந்தது நான்தான். அரசனா அம்மா என்று கேட்டு அதன் H குறியீட்டின் தலையில் ஒரு கிரீடம் வரைந்தாய். வீட்டில்கூட பிரெஞ்சில் பதில் சொல்லும் பிள்ளை, இவ்வளவு நாளும் தேடியது கிடைத்த நிமிடத்தில் என் சொல்லால் என்னைக் கூப்பிட்டிருக்கிறாய். நான் அதை ஒரு ஆளாக்கி உன்மேல் சந்தேகம் விழ வைத்தேன்.

நேற்று ரூ காய் தெருவில் மரக்கறிக் கடை வாசலில் அவர்கள் இருவரையும் கண்டு எல்லாவற்றையும் சொன்னேன். நிலத்துக்கடியில் கல்லும் தண்ணீரும் சேரும் இடத்தில் அந்த வாயு தானாகப் பிரிந்து வருகிறது, எரித்தால் புகை இல்லை, தண்ணீர்தான் மிஞ்சும், அது பூமிக்குள் எவ்வளவு இருக்கிறது என்றுதான் என் மகள் தேடுகிறாள் என்று, சேற்றையும் விடாமல் சொன்னேன். நம்ம பையனுக்குப் போட்டியா வந்தவன் வெறும் காத்துதானா என்று இஞ்ஞாசி கடைக்காரர் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். மரி-லூயிஸ் சிரிக்கவில்லை. சேத்துல நின்னது எனக்கு அழகாத்தான் இருந்துச்சு, நீங்க ஏன் டக்குனு கட் பண்ணீங்கன்னுதான் புரியல என்றார். கையிலிருந்த கத்தரிக்காயையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர்கள் உன்னைக் குறைவாக நினைப்பார்கள் என்று பயந்தேன். உன்னைக் குறைவாக நினைத்தது நான் ஒருத்திதான்.

நேரத்துக்குச் சாப்பிடு. ஐதரசன் எரியும் சுடர் பகலில் கண்ணுக்குத் தெரியாது என்று நீதான் சொன்னாய், கவனமாக இரு. மதாம் சுசானின் பதவியை இன்னொருவருக்குக் கொடுத்ததற்கு அவரிடமும் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். ஈரத்தலையோடு நிற்காதே என்று எழுதிவிட்டு இப்போதுதான் அதை வெட்டினேன். ஈரத்தலையோடேயே கூப்பிடு. மேசையில் யார் இருந்தாலும் எடுப்பேன், அவர்கள் பக்கம் திருப்பியும் பிடிப்பேன். அன்றைக்குப் போத்திலுக்குள் என்ன இருந்தது என்று முதலிலிருந்து சொல்லு. பிள்ளையார் உன் பக்கத்தில் இருப்பார்.

காத்திருக்கும் அம்மா,
தாட்சாயினி