ஒன்பதாம் பாகம் வாங்கப் போன அப்பா

மேற்குத் தாம்பரம்,
புதன்கிழமை

அன்புள்ள மிருதுளாவுக்கு,

டப்ளினில் குளிர் ஏறியிருக்கும். காதை மூடிக்கொண்டு வெளியே போ. போனில் பேசும்போதெல்லாம் அப்பா பக்கத்திலேயே இருக்கிறார். அதனால்தான் பள்ளிக்கூடத்தில் ஓய்வு பீரியடில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

அப்பாவுக்கு ஜூன் மாதமே வேலை போய்விட்டது. சிறுசேரி ஆபீஸில் அவருடைய டீமையே கலைத்துவிட்டார்கள். உன்னிடம் சொல்லக்கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். கொஞ்ச நாள் நாலைந்து இடங்களுக்கு எழுதிப்போட்டார். பிறகு அதையும் விட்டுவிட்டு ஹாலில் சும்மா உட்கார்ந்திருந்தார். யார் கண்ணிலும் படக்கூடாதென்று பால் வாங்கக்கூடக் கீழே இறங்கவில்லை.

ஆகஸ்ட் மழையில் உன் அறைச் சுவரில் நீர் கசிந்தது. உன் புத்தகங்களை எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் அடுக்கினேன். நீ காலேஜில் விழுந்து விழுந்து படித்தாயே, அந்த மாயாஜாலத் தொடர், அதன் முதல் பாகத்தை அப்பா சும்மா புரட்டினார். சாப்பிடக் கூப்பிட்டேன், காதில் விழவில்லை. அந்த வாரமே இரண்டாம் பாகத்துக்குப் போய்விட்டார். முன்பக்கத்து வரைபடத்தில் விரலை வைத்து, கதாநாயகி ஈரா தன் கழுகுகளை இந்தக் கணவாய் வழியாகத்தான் ஓட்டிப்போயிருப்பாள் என்று எனக்குக் காட்டினார். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவராக வாய் திறந்தது அப்போதுதான்.

எனக்கோ கோபம்தான் வந்தது. இந்த வயதில் வேலை தேடாமல் இதென்ன விளையாட்டு என்று கேட்டேன். அவர் புத்தகத்தை மூடவில்லை.

“இதுக்குள்ள இருக்கற வரைக்கும், இப்போ என்ன பண்றேள்னு என்னை யாரும் கேக்கறதில்ல, சுந்தரி” என்றார்.

அப்படி என்னதான் இருக்கிறது என்று மறுநாள் முதல் பாகத்தைப் பையில் போட்டுக்கொண்டு ரயிலேறினேன். குரோம்பேட்டையில் இறங்க வேண்டியவள் தலை நிமிர்ந்தபோது வண்டி மீனம்பாக்கத்தில் நின்றுகொண்டிருந்தது. அன்றைக்கு வேறொரு டீச்சர்தான் என் வகுப்பைப் பார்த்துக்கொண்டாள். சாயங்காலம் அப்பாவிடம் சொன்னேன். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். எந்த இடத்தில் அப்படி மூழ்கினாய் என்று கேட்டார். கழுகுகள் திரும்பி வராத இடம் என்றேன். சிரிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பக்கத்தைத் தானும் இரண்டு தடவை படித்ததாகச் சொன்னார்.

இப்போது ராத்திரிச் சாப்பாட்டில் எங்களுக்குச் சண்டையே இதுதான். ஈரா தன் அண்ணனை மன்னித்தது தப்பு என்பேன் நான். அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள் என்பார் அவர். இதெல்லாம் நிஜத்திலிருந்து ஓடி ஒளிவது என்றுதான் நினைத்திருந்தேன். ஓடி ஒளிகிறவர் இத்தனை பேச மாட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

போன சனிக்கிழமை எட்டாவது முடிந்தது. கடைசிப் பாகம் நீ போன பிறகு வந்ததாமே, வீட்டில் இல்லை. ஆன்லைனில் வரவழைக்கலாம் என்றேன். அவரால் காத்திருக்க முடியவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். கேட்டருகே எதிர் பிளாக் ராஜகோபாலன் மாமா, என்ன ஓய், ஆளையே காணோமே என்று பிடித்துக்கொண்டாராம்.

“வேலை போயிடுத்து சார். ஒன்பதாம் பாகம் வாங்கப் போறேன்” என்று சொல்லிவிட்டு அப்பா நடந்திருக்கிறார். திரும்பி வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே இதைச் சாதாரணமாகச் சொன்னார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன்.

மறுபடி எழுதிப்போட்டதில், காட்டாங்குளத்தூரில் ஒரு காலேஜில் லேப் வேலைக்கு இன்டர்வியூ வரச்சொல்லியிருக்கிறார்கள். திங்களன்று போகிறார். கிடைக்குமா தெரியாது.

கடைசிப் பாகத்தை மட்டும் அவசரப்படாமல் படிக்கிறார். ஒரு அத்தியாயம் முடிந்ததும் மூடி வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் பார்க்கிறார். அது முடியும் நாளை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அவரைக் கூப்பிடு. வேலை விஷயத்தை அவரே சொல்லட்டும். நீ ஈராவைப் பற்றிக் கேள். அந்த ஊருக்கெல்லாம் நீதானே முதலில் போய்வந்தவள்.

பெருமாள் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைத்திருக்கட்டும். இதைப் படித்துவிட்டுப் பதறி டிக்கெட் போட்டுவிடாதே. பொங்கலுக்கு லீவு கிடைக்குமா என்று மட்டும் பார்.

உன் அம்மா,
சுந்தரவல்லி