நான்காம் நாற்காலி, புதன் காலை

மார்ச் 4, செவ்வாய்

ஐம்பத்தொரு வயதில் மறுபடி புத்தகமும் கையுமாக அலையப் போகிறேன். நிர்வாகியின் யோசனை. ரத்தச் சுத்திகரிப்பு மையத்தில் எட்டு நாற்காலி, எட்டு இயந்திரம். எந்த நாள் யாருக்கு எந்த நாற்காலி என்று பதினான்கு வருடமாக நான்தான் பதிவேட்டில் எழுதி வருகிறேன். இனி அது கம்ப்யூட்டரில் வேண்டுமாம். "சுலபமான மொழி ஒண்ணு இருக்காம். நீங்களே கத்துக்கிட்டு செஞ்சிடுங்களேன்" என்றார். சொல்கிறவருக்கு என்ன, வாய்தானே வலிக்கும்.

எல்லாம் தலைமை நர்ஸ் அடித்த கூத்தால் வந்தது. பிப்ரவரி 5, புதன் காலை, நான்காம் நாற்காலிக்கு இரண்டு பேர் வந்து நின்றார்கள். என் பதிவேட்டில் தையல்காரர். அவள் பலகையில் ஓய்வுபெற்ற தபால்காரர். பதிவேட்டை நம்பித் தபால்காரரைத் திருப்பி அனுப்பினார்கள். மறுநாளே மூச்சுத் திணறி, பதினொரு நாள் தீவிர சிகிச்சையில் கிடந்து பிழைத்தார். நாற்காலி மாற்றத்தை முன்பே என்னிடம் சொன்னதாக அவள் சாதித்தாள். சொல்லவேயில்லை என்றேன். விசாரணை முடிந்து, இப்போது கீழ்த்தளத்தில் போர்வை எண்ணுகிறாள். எண்ணட்டும். அதையாவது சரியாக எண்ணினால் போதும்.

மார்ச் 8, சனி

முதல் வகுப்பு. திரையில் ஒரு வெற்று ஜன்னல் வரும். அதில் பட்டனை இழுத்து வைக்க வேண்டும். அழுத்தினால் என்ன நடக்க வேண்டும் என்பதை அதன் பின்னால் எழுத வேண்டும். ஆசிரியருக்கு எடுத்ததெல்லாம் சுலபம். பட்டன் சுலபம், பெட்டி சுலபம், நாங்கள் முழிப்பதுகூட அவருக்குச் சுலபமாகத்தான் தெரிந்திருக்கும். 'சுலபம் சார்' என்று பெயர் வைத்துவிட்டேன்.

இரண்டு மணி நேர உழைப்பில் நான் படைத்தது: அழுத்தினால் 'வணக்கம்' சொல்லும் பட்டன். எங்கள் வாயிற்காவலர் அழுத்தாமலே சொல்வார்.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி போனில் சிரித்தான். இருபது வருடமாக சாஃப்ட்வேர் கம்பெனியில் இருக்கிறான் அல்லவா. "அக்கா, அது குழந்தைங்க மொழி. அதுல எழுதுனேன்னு வெளியில சொல்லிடாத" என்றான். அவன் வீட்டுப் பிரிண்டர் மூன்று வருடமாகப் படுத்துக் கிடக்கிறது. அதற்கு எந்தப் பெரியவர்கள் மொழியில் பேசிப் பார்த்தானோ.

மார்ச் 19, புதன்

ஒரு மேற்கோள் குறியை மூட மறந்ததற்கு முப்பத்திரண்டு சிவப்புக் கோடு. என் மாமியார்கூட இவ்வளவு குற்றம் கண்டதில்லை.

ஏப்ரல் 5, சனி

ஓடுகிறது. ஒரே நாற்காலிக்கு, ஒரே வேளைக்கு இரண்டாவது பெயரை அடித்தால் ஏற்க மறுத்து ஒரு பெட்டி வருகிறது: 'இந்த நாற்காலி ஏற்கெனவே ஒருவருக்குத் தரப்பட்டுள்ளது. கவனித்து எழுதவும்.' வாசகம் என்னுடையது. யாரை நினைத்து எழுதினேன் என்று எனக்குத் தெரியும். அவளைக் கூப்பிட்டு இந்தப் பெட்டி முன்னால் உட்கார வைக்க வேண்டும்.

சுலபம் சார் பார்த்துவிட்டு, பழைய பதிவேட்டை அடித்துச் சோதித்துப் பார்க்கச் சொன்னார்.

ஏப்ரல் 22, செவ்வாய்

ஜனவரியை முழுதாக அடித்தாகிவிட்டது. ஒரு வரி, ஓரக் குறிப்பு விடவில்லை. பிப்ரவரியில் 5ஆம் தேதி, நான்காம் நாற்காலி, தையல்காரர் என்று அடித்ததும் பெட்டி வந்து நின்றது. கவனித்து எழுத வேண்டுமாம். என்னைப் பார்த்து!

குழந்தை மொழியில் எழுதினால் இப்படித்தான் உளறும்.

ஏப்ரல் 24, வியாழன்

இரண்டு நாளாக ப்ரோக்ராமைத் தோண்டித் துருவியாயிற்று. பிழை கிடைக்கவில்லை. சுலபமாம்.

ஏப்ரல் 26, சனி

சுலபம் சார் என் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். பிறகு பதிவுகளைத் திறந்து, மெதுவாகச் சொன்னார்: "மேடம், ப்ரோக்ராம்ல தப்பில்ல. பிப்ரவரி அஞ்சுக்கு நீங்களே ஏற்கெனவே ஒரு பேரைப் போட்டிருக்கீங்க. ஜனவரி பக்கத்தோட சேர்த்து."

யார் பெயர் என்று நான் கேட்கவில்லை.

ஏப்ரல் 28, திங்கள்

ஜனவரி 30. ஓரத்தில், பென்சிலில்: 'தபால்காரர் – 7ஆம் இயந்திரம் பழுது – பிப். 5 புதன் காலை, 4ஆம் நாற்காலி.'

என் கையெழுத்து. என் 'ழு'வுக்கு மட்டும்தான் அந்த வால்.

சொல்லியிருக்கிறாள். நான் எழுதியும் இருக்கிறேன். பிப்ரவரி பக்கத்துக்குப் பெயர்களை ஏற்றியபோது ஓரத்தைப் பார்க்கவில்லை. விசாரணையில் நிர்வாகி பிப்ரவரி பக்கத்தை மட்டும்தான் புரட்டினார். நான்? ஒரு தாளைத் திருப்ப எனக்கு என்ன கேடு? போன வாரம் அதே வரியை அடிக்கவும் அடித்தேன். விரல் படித்தது, நான் படிக்கவில்லை. பெரிய பதிவேட்டு மேதை. பதினான்கு வருடம் கிழித்துவிட்டேன்.

ரப்பர் மேசையில்தான் இருந்தது. எடுத்தேன். கையில் வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் – தெரியல. திரும்ப வச்சிட்டேன். இதை எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

ஏப்ரல் 29, செவ்வாய்

நிர்வாகியிடம் சொன்னேன். "முடிஞ்சுபோன விஷயம்மா. கிளறினா உங்க பேருதான் கெடும்" என்றார். என் பெயர்மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம். தலைமை நர்ஸைக் கீழ்த்தளத்துக்கு அனுப்பிய மெமோவில் கையெழுத்துப் போட்டவர் அவர். நடந்ததை எழுதி, இரண்டு பக்கங்களின் நகலும் சேர்த்துக் கொடுத்தேன். ஈரத்துணியைத் தொடுவதுபோல இரண்டு விரலால் வாங்கிக்கொண்டார்.

பிறகு கீழ்த்தளம். சிஸ்டர் போர்வை மடித்துக்கொண்டிருந்தார். பக்கத்தை நீட்டினேன். படித்தார்.

"நீங்க பென்சிலை எடுத்த மாதிரிதான் எனக்கு ஞாபகம்" என்றார். "எல்லாரும் இல்லைன்னு சொன்னதும், ஒருவேளை நான்தான் சொல்லலையோன்னு எனக்கே தோணிடுச்சு. மூணு மாசமா அதேதான் ஓடிட்டிருக்கு."

"தப்பு என்மேலதான் சிஸ்டர்."

"தெரியுது."

போர்வையை மறுபடி கையில் எடுத்தார். உட்காரச் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்?

மே 7, புதன்

தபால்காரரிடமும் சொன்னேன். கையில் ஊசிக் குழாயோடு கேட்டுக்கொண்டிருந்தார். தானும் எத்தனையோ கடிதத்தை வீடு மாற்றிப் போட்டிருப்பதாகச் சொன்னார். அப்பாடா என்று நகரப் போனேன்.

"ஆனா அதுக்காக யாரும் சாகக் கிடக்கலம்மா" என்றார்.

மே 19, திங்கள்

எனக்கு மெமோ வந்தது. சிஸ்டர் மேலே வந்துவிட்டார். இன்று முதல் பதிவேடு மூடியாயிற்று, என் ஜன்னல்தான். மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு அவர் என் பின்னால் நின்று பார்த்தார். நன்றாயிருக்கிறது என்றெல்லாம் சொல்லவில்லை.

"ஒவ்வொண்ணும் யார் எழுதினதுன்னு பேர் வரணும். முடியுமா?"

ஒரு பெட்டி, நாலு வரி. கால் மணி நேரத்தில் வைத்துவிட்டேன். ஒவ்வொரு பதிவின் ஓரத்திலும் என் பெயர் வந்து நின்றது. அவர் குனிந்து பார்த்தார்.

"எழுத்து சின்னதா இருக்கு. கொஞ்சம் பெருசாக்குங்க."

பெரிதாக்கினேன்.