மூக்கு வைத்த ஐகான்கள்

உன் போனை வைத்திருந்த பிளாஸ்டிக் கவர் என் மேஜையில் கிடக்கிறது. போனை உன் மனைவி கன்னியம்மா குப்பத்துக்கே எடுத்துப் போய்விட்டாள். கவரை மட்டும் விட்டுவிட்டுப் போயிருக்கிறாள், மறந்தா வேண்டுமென்றா என்று நான் கேட்கவில்லை. எத்தனை முறை துடைத்தாலும் அதன் மடிப்பில் வெள்ளையாக உப்பு பூக்கிறது. திறந்தால் கருவாடும் டீசலும் கலந்த வாசனை. நீ வீட்டுக்குள் நுழைவதற்கு முன்பே உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் வாசனை. இன்று காலை பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது அது வந்தது. நான் தலை நிமிராமலே நாற்காலியை நகர்த்தி உனக்கு இடம் விட்டேன். அப்புறம்தான் உறைத்தது. நகர்த்திய நாற்காலியைத் திரும்பப் பழைய இடத்தில் போட மனம் வரவில்லை.

அந்த போனை வாங்கிய வாரம் நீ லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து பஸ் ஏறி எங்கள் ஊருக்கு வந்தாய். திருப்பாலைவனம் பஸ் ஸ்டாப் டீக்கடையில், யாரோ இறந்துபோன செய்தியைச் சொல்ல வந்தவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு அதை என்னிடம் நீட்டினாய்.

"இன்னாடா இது, எல்லாம் மாத்திரை மாரி ரவுண்டா கீது? காலைல தொறந்தாலே ஆஸ்பத்திரிக்குப் போன மாரி கீது."

ஐகான்களைச் சொல்கிறாய் என்று புரிய எனக்குச் சற்று நேரம் பிடித்தது. போன் வாங்கியவர்கள் கேமரா சரியில்லை என்பார்கள், பேட்டரி நிற்கவில்லை என்பார்கள். வடிவம் சரியில்லை என்று நான் கேட்ட முதல் புகார் உன்னுடையது. செட்டிங்ஸில் தேடியபோது, கம்பெனி பெரிய மனது வைத்து நமக்கு நாலைந்து வடிவங்கள் அனுமதித்திருந்தது தெரிந்தது. வேறு எதையும் மாற்ற முடியாத குடிமகனுக்கு ஐகானையாவது மாற்றிக்கொள்ளும் உரிமை. வட்டம், சதுரம், மூலை மழுங்கிய சதுரம். கடைசியில் ஒன்று, மூன்று மூலைகள் உருண்டு, ஒரு மூலை மட்டும் கூராக நிற்பது.

"இது கண்ணீர்த்துளி," என்றேன். அதில் அப்படித்தான் எழுதியிருந்தது.

"கண்ணீரும் இல்ல, பன்னீரும் இல்ல. இது போட்டு. தோ, இதான் மூக்கு."

உன் கண்ணுக்கு அது படகு. விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். ஆனால் அந்தக் கூர் வலது பக்கம் கீழே பார்த்துக்கொண்டிருந்தது. "மூக்கு கீழ போனா தண்ணி ஏறும்டா," என்ற நீ டீயைக்கூடத் தொடவில்லை. பத்துப் பதினைந்து ஐகான்களும் உன் கண்ணெதிரே மூழ்கிக்கொண்டிருந்தன. கடைசியில் ஒவ்வொரு மூலையையும் தனித்தனியாக இழுத்து வைக்க வசதியுள்ள வேறொரு முகப்புத்திரை ஆப்பை இறக்கிக் கொடுத்தேன். நீ கீழ் மூலையை உருட்டிவிட்டு, வலது மேல் மூலையைக் கூராக்கினாய். அலை ஏறும் படகு மாதிரி எல்லா ஐகான்களும் மூக்கைத் தூக்கின. அப்புறம் எழுந்து, வடக்கைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தாய்.

"இப்போ கடலாண்ட பாக்குது."

உன் குப்பத்தில் கரையேற்றிய படகு மூக்கைக் கடல் பக்கம் வைத்துத்தான் நிற்கும். வீட்டில் சாவு விழுந்தால் மட்டும் அந்த வீட்டுப் படகை ஊர் பக்கம் திருப்பி வைப்பீர்கள். காரியம் முடிந்த பிறகு மறுபடி கடல் பக்கம் திருப்பி, யாராவது ஒருவர் ஓட்டிப் போவார். அதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். போனுக்கும் அது பொருந்தும் என்று கண்டுபிடித்தது நீதான். கிழக்கே கடல். வடக்கைப் பார்த்துக்கொண்டு போனைப் பிடித்தால் வலது மூலை கடலைப் பார்க்கும். தெற்கைப் பார்த்துப் பிடித்தால் அதே மூலை ஊரைப் பார்க்கும்.

கேலி செய்யத்தான் நான் அடுத்த வாரம் குப்பத்துக்கு வந்தேன். வந்து பார்த்தால், வலை தைக்கும் பந்தலுக்குக் கீழே பாதிப் பேர் ஒரே திசையில் வரிசையாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ கணக்கெடுக்க வந்த அதிகாரி ஒருவர் பயபக்தியோடு செருப்பைக் கழற்றிவிட்டு, "வடக்கே என்ன கோயில்?" என்று கேட்டார்.

"சிக்னல் அம்மன் சார்," என்றாய் நீ. அவர் அதையும் எழுதிக்கொண்டார்.

காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை கிடைத்த உன் பங்காளி மட்டும் தெற்கைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். அவனிடம் இருந்தது விலை உயர்ந்த போன். அதில் வடிவத்தை மாற்ற வழியில்லை.

"உன்துல மூக்கே கெடையாதா?" என்றாய்.

"ஆபீஸ்ல வேலை பாக்கறவனுக்கு மூக்கு எதுக்கு நைனா?"

"அப்போ அது போட்டு இல்ல. பக்கெட்டு."

அன்றைக்கு என் போனையும் நீதான் பிடுங்கி மாற்றினாய். "எனக்கு ஏதுடா போட்டு? நான் நெல்லு போடறவன்," என்றேன்.

"ஒனக்கு இல்லன்னா இன்னா, எனக்குக் கீது இல்ல? நான் கடல்ல கீறப்ப எவனா ஒருத்தன் அந்தப் பக்கம் பாத்துக்கினு இருக்கணும்." அப்புறம் என் தோளைப் பிடித்துத் திருப்பினாய். "வடக்கப் பாத்து ஒக்காருடா வயக்காட்டான்! மூக்கு ஊரைப் பாக்குது பாரு. இங்க எவனா செத்தானா?"

எல்லோரும் சிரித்தோம். பெரிய சிரிப்புதான்.

போன வருஷம் வாடைக்காற்று அடித்த நாட்களில், முகத்துவாரத்தில் ஓர் அலை உன் படகைத் தூக்கிப் போட்டது. கூட வந்த இருவரும் படகைப் பிடித்துக்கொண்டார்கள். படகு வந்தது. அவர்கள் வந்தார்கள். குறுக்குப் பலகையில் கட்டியிருந்த இந்தக் கவருக்குள் உன் போன் வந்தது, ஒரு சொட்டு ஈரம் ஏறாமல். நீ வரவில்லை.

தேடி ஓய்ந்த பிறகு உன் அண்ணன் ஆட்களோடு படகைத் திருப்ப வந்தார். கன்னியம்மா படகின் மூக்குக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள்.

"ஆளு வராம போட்டைத் திருப்பாத மாமா. வந்து பாத்தா இன்னா நெனைப்பாரு?"

"நான் இன்னா சந்தோசத்துலயா திருப்பறேன்? திருப்பாம காரியம் பண்ண முடியாது. காரியம் பண்ணாம போட்டைக் கடல்ல எறக்க முடியாது. ஊட்ல அடுப்பு எரிய வேணாமாம்மா?"

அவள் வெகு நேரம் நின்றாள். பிறகு ஒதுங்கினாள். "போட்டை எடுத்துக்கோ. போனை நான் திருப்ப மாட்டேன்."

அண்ணனுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. புரிந்த ஆளாக இருப்பது ஒன்றும் பெருமையான காரியமாக இல்லை.

காரியம் முடிந்தது. படகு ஊரைப் பார்த்தது, பிறகு கடலைப் பார்த்தது, பிறகு உன் அண்ணனோடு போனது. உன் போன் மட்டும் அவள் வீட்டு அலமாரியில், மூக்கைக் கடல் பக்கம் வைத்தபடி, நீ இன்னும் கடலுக்குப் போயிருப்பதாகவே நம்பிக்கொண்டிருந்தது. விடியலுக்கு முன்னால் உன் அலாரம் அடிக்கும். அதை நிறுத்த அவள் மறுத்துவிட்டாள். அலாரம் அடித்ததும் போன் தானாகவே காற்று பார்க்கும் ஆப்பை முன்னால் எடுத்து வைக்கும், அதற்குப் பக்கத்தில் அவளுடைய நம்பரை. நீ கிளம்பும் நேரம் என்று அது கற்று வைத்திருந்தது. நடையை எண்ணும் ஆப் ஒன்றும் இருந்தது. சாயங்காலம் ஆனால், இன்று நீங்கள் ஓர் அடிகூட எடுத்துவைக்கவில்லை, சோம்பல் வேண்டாம், எழுந்திருங்கள் என்று உன்னை அன்போடு கண்டிக்கும். மனிதர்களிடம் நான் இவ்வளவு விசுவாசத்தைப் பார்த்ததில்லை.

மற்றபடி அதற்கு ஒரே ஒரு வேண்டுதல்தான், அப்டேட். அது கேட்கும்போதெல்லாம் கன்னியம்மா மீன் கூடைக்காரிகளோடு பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவாள். "இது ஏதோ கேக்குதுண்ணா." நான் வாங்கி, 'பிறகு' என்பதை அழுத்திக் கொடுப்பேன். ஒரு வாய்த் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் போவாள். உன்னைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. அந்த ஒரு சொல்லை அழுத்துவதற்காக மட்டும் இவ்வளவு தூரம் வந்தாள்.

நேற்று வந்தபோது அதில் 'பிறகு' இல்லை. இன்றிரவு தானாகவே மாறிவிடும் என்றும், இப்போதுள்ள முகப்புத்திரை ஆப் அதற்கு மேல் வேலை செய்யாது என்றும் சுத்தமான தமிழில் எழுதியிருந்தது. நான் இரண்டு முறை படித்தேன்.

"இன்னாண்ணா சொல்லுது?"

"எல்லாம் பழைய மாதிரி ரவுண்டா ஆயிடும்மா."

"மூக்கு?"

"இருக்காது."

அவள் போனையே பார்த்தாள். "ரவுண்டா ஆய்ட்டா, அவரு எந்தப் பக்கம் பாத்துக்கினு கீறாருன்னு எப்டிண்ணா தெரியும்? போறாரா, வராரா?"

இரவுக்கு இன்னும் நேரம் இருக்கிறதா என்று கடிகாரத்தைப் பார்த்தேன்.

"அதுக்கு முன்னாடி திருப்பிடலாம்," என்றாள். "போட்டுக்குப் பண்ண மாரியே. ஊர் பக்கம் நீ திருப்பு. மறுக்கா நான் திருப்பறேன்."

வாசல் படியில் வடக்கைப் பார்த்து உட்கார்ந்தோம். நான் வலது மூலையை உருட்டிவிட்டு இடது மூலையைக் கூராக்கினேன். உன் படகுகள் எல்லாம் ஒரே நேரத்தில் ஊரைப் பார்த்துத் திரும்பின. காற்று ஆப், மேப், அவள் நம்பர், உன் பழைய சீட்டாட்டம்கூட. அவள் போனை மடியில் வைத்துக்கொண்டு, வெளியூர் போய் வந்தவனைப் பார்ப்பது போல அதைப் பார்த்தாள். முந்தானையால் திரையைத் துடைத்தாள். "எளைச்சிட்டாரு," என்றாள்.

போன் கொஞ்ச நேரம் ஊரைப் பார்த்தபடியே கிடந்தது. எங்கள் தெருவில் ஒரு டிராக்டர் போனது. பிறகு அவள் என்னிடம் எதை இழுக்க வேண்டும் என்று கேட்டு, தன் விரலாலேயே இழுத்து, மூக்கை மறுபடி கடல் பக்கம் வைத்தாள்.

நீ கிளம்பும்போது அவள் கரையில் நின்று 'போய்ட்டு வா' என்று சொல்வதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். நேற்று அவள் அதைச் சொல்லவில்லை.

"போ," என்றாள்.

'இப்போதே' என்பதையும் அவளே அழுத்தினாள். திரை கருத்தது. திரும்ப வந்தபோது எல்லாம் வட்டம். அலாரத்தையும் நிறுத்தச் சொன்னாள், நிறுத்திக் கொடுத்தேன். நடை எண்ணும் ஆப்பை அவளே அழித்தாள். "பக்கெட்டு மாரி கீது," என்று எழுந்தபோது அவள் முகத்தில் சிரிப்புக்குப் பக்கத்தில் ஏதோ ஒன்று இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது.

அவள் வரையில் காரியம் முறையாக முடிந்துவிட்டது. சிக்கல் என்னிடம்தான். என் போன் வேறு கம்பெனி. நீ பிடுங்கி மாற்றிய அன்றிலிருந்து அதன் மூலைகளை நான் தொடவில்லை. படகில்லாத, கடலில் கால் நனைப்பதற்கே யோசிக்கிற ஒரு நெல்லுக்காரனின் ஐகான்கள் இன்னும் மூக்கைத் தூக்கிக்கொண்டு நிற்கின்றன. அதைத் திருப்புவதற்கு எனக்கு என்ன முறை இருக்கிறது என்று உன் அண்ணனைக் கேட்க முடியாது. கேட்டால் அவருக்கே தெரியாது.

சற்று முன் என் போனும் அப்டேட் கேட்டது, இப்போதா, பிறகா என்று. இங்கே 'பிறகு' இன்னும் இருக்கிறது. கவரை மூடி ஓரமாக வைத்தேன். நாற்காலி நீ உட்காரும்படியே விலகிக் கிடக்கிறது. நான் வடக்கைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து, பிறகு என்பதை அழுத்தினேன்.