பிஸ்கட் டின்னுக்கு மட்டும் ஒரு விதி

நவம்பர் 6, திங்கள்

நேற்று பப்பில் நெவில் எல்லார் முன்னாலும் சொன்னான்: "நம்ம ஜானிஸ் ஒரு குதிரையைத் தடவிக் கொடுத்தாப் போதும், அது படுத்துரும்." ஜானிஸ் நான்தான், சொன்னவன் என் கூடப் பிறந்த அண்ணன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

அவனும் பப் நடத்தும் க்ளிஃபும் இன்னும் நாலு பேரும் சேர்ந்து ஒரு பந்தயக் குதிரை வாங்கியிருக்கிறார்கள். பெயர் பிஸ்கட் டின். எனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டேன். க்ளிஃப் கண்ணாடித் தம்ளரைத் துடைப்பதில் மும்முரமாகிவிட்டான். நெவில்தான் பதில் சொன்னான்: "பங்கும் வேணாம் ஒண்ணும் வேணாம். அது ஓடுற அன்னிக்கு நீ ரேஸ் கோர்ஸ் பக்கமே தலை காட்டாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

ஓட்டத்துக்கு முன் குதிரைகளைச் சுற்றி நடத்திக் காட்டுவார்கள். அந்த வட்டத்துக்கு நடுவே, புல்லில், சொந்தக்காரர்கள் தொப்பியும் கோட்டுமாக நிற்பார்கள். ஒரு தடவை நானும் அங்கே நிற்க வேண்டும். முப்பது வருஷமாக வேலிக்கு வெளியே நின்று பார்த்தாயிற்று.

நவம்பர் 8

பஸ் ஓட்டும்போது தோன்றியது. நான் கட்டும் குதிரையெல்லாம் தோற்கிறது. சரி, தோற்கும் என்றே கட்டினால்?

அதற்கென்றே ஒரு வழி இருக்கிறது, லே என்பார்கள். பந்தயப் பணம் வாங்கும் புக்கி உட்காரும் நாற்காலியில் நாம் உட்கார்வது. குதிரை தோற்றால் அடுத்தவர் கட்டிய பணம் நமக்கு. ஜெயித்தால் நம் பையிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும்.

இடைஞ்சல் ஒன்றுதான். மத்தியானம் குதிரைகள் ஓடும் நேரத்தில் நான் வேக்ஃபீல்டில் பஸ் ஓட்டுகிறேன். கை ஸ்டியரிங்கில் இருக்கும். ஆகவே கட்டுகிற வேலையை லேப்டாப்பிடம் விட வேண்டும்.

நவம்பர் 12, ஞாயிறு

நாள் முழுக்க சமையலறை மேஜையில். மென்பொருளுக்கு நிபந்தனை எழுதிக் கொடுத்தால் அது தானே பந்தயம் போடும். பத்துக்கு மேல் குதிரைகள் ஓட வேண்டும். மழை ஊறிய தரையாக இருக்க வேண்டும் (அது அதற்குத் தெரியாது, காலையில் நான்தான் மைதானத்தைத் தேர்ந்து கொடுக்க வேண்டும்). முக்கியமானது கடைசி நிபந்தனை. புறப்படுவதற்கு முந்திய சில நிமிஷங்களில் குதிரையின் விலை, அதாவது ஜெயித்தால் ஒரு பவுண்டுக்கு எத்தனை திரும்பும் என்ற கணக்கு, ஏற வேண்டும். விலை ஏறினால் அதன் மேல் நம்பிக்கை இறங்குகிறது என்று அர்த்தம்.

இவ்வளவும் சேர்ந்தால் லே போடு. சேராவிட்டால் சும்மா இரு. ரொட்டி கருகிவிட்டது. கருகட்டும்.

நவம்பர் 14

மண்டையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது. பத்து பவுண்டு என்று எழுதினேன், போனால் பத்து என்று நினைத்து. அது வந்தால் வரும் தொகையாம்! போனால் போவது விலையைப் பொறுத்து. ஜெயிக்கும் என்று எல்லாரும் நம்பும் ஃபேவரைட்டுக்கு எதிராக மட்டும் போடு என்று எழுதவும் மறந்திருக்கிறேன். அதுபாட்டுக்கு பதினாலு விலை உள்ள ஒரு நோஞ்சானுக்கு எதிராகப் போட, அந்த நோஞ்சான் இன்றைக்கென்று பார்த்து ஜெயித்துத் தொலைத்தது. நூற்று முப்பது பவுண்டு!

இரண்டையும் திருத்தினேன். இனி ஃபேவரைட்டுக்கு எதிராக மட்டும். போனால் ஐம்பதுக்கு மேல் போகாது.

நவம்பர் 25, சனி

மென்பொருள் இன்று மூன்று பந்தயம் போட்டிருக்கிறது. மூன்று ஃபேவரைட்டும் மண்ணைக் கவ்வின! அந்த நேரத்தில் நான் ஆஸ்பத்திரி நிறுத்தத்தில் ஒரு பெரியவரின் வாக்கரை ஏற்றிக்கொண்டிருந்தேன். கூரை மேல் ஏறிக் கூவலாம் போலிருக்கிறது.

டிசம்பர் 9

லீவு நாள். அதனால்தான் கேடு. ஒரு சாம்பல் நிறக் குதிரை, பாவமான கண். அதற்கு எதிராகப் போட மனசு வராமல் மென்பொருளை அணைத்தேன். அது தாண்ட வேண்டிய கடைசித் தடையில் ஜாக்கியைக் கீழே தள்ளிவிட்டு வேடிக்கை பார்த்தது. வர வேண்டிய பணம் போச்சு.

இனி தொடுவதில்லை. விதி என்றால் விதி.

ஜனவரி 10

டிப்போவில் பல்வீர் என்னை "புக்கி மேடம்" என்று கூப்பிடுகிறான். என் பஸ்ஸை மாற்றி ஓட்ட வருபவன். "எத்தனை குதிரையை இன்னிக்குக் கவுத்தீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் சாவியையே வாங்குகிறான். நன்றாகத்தான் போகிறது. இல்லை, அமோகமாகப் போகிறது. என் டைரியில் எனக்கென்ன அடக்கம்?

ஜனவரி 15

புதன்கிழமை கேட்டரிக் மைதானத்தில் பிஸ்கட் டின் ஓடுகிறது. ஃபேவரைட். தரை ஈரம். பன்னிரண்டு குதிரைகள். என் நிபந்தனைகள் வரிசையாக வந்து நிற்கின்றன. விலை ஏறினால் போட்டுவிடும்.

சொல்லாமல் இருக்க முடியவில்லை. நெவில் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன்.

"என் குதிரை தோக்கணும்னு கட்டப் போறியா?" நெவிலின் முகம் தக்காளியாகிவிட்டது.

"நான் கட்டல. விதி சேந்தா அது கட்டும்."

"அணைச்சு வைடீ!"

"ஒரு குதிரைக்கு அணைச்சா எல்லாத்துக்கும் அணைக்கத் தோணும். எனக்குப் பட்டுத் தெரிஞ்ச விஷயம்."

"கூடப் பிறந்தவளா நீ?"

"உன் குதிரை ஓடுறதை வேலிக்கு வெளியே நின்னு கூடப் பாக்கக் கூடாதவ. அவதான்."

கதவை அறைந்து சாத்தினான். பேசியது தப்பா? தெரியவில்லை. வீட்டுப் பேச்சில் காதில் விழுந்த எதையும் வைத்து நான் கட்டவில்லை. பேப்பரில் இருக்கிறதுதான். ஆனாலும் தூக்கம் வருமா என்று சந்தேகம்.

ஜனவரி 17, புதன்

வேண்டுமென்றே டியூட்டி வாங்கிக்கொண்டேன். கடைசி நிறுத்தத்தில் பல்வீர் போனும் கையுமாகக் காத்திருந்தான்.

"மேடம், உங்க மெஷின் பிஸ்கட் டின்னுக்கு எதிராப் போட்டிருந்தா, சோலி முடிஞ்சுது."

"ஏன்?"

"ஆறு குதிரை நீளம் முன்னாடி வந்து ஜெயிச்சிருச்சு!"

பார்த்தேன். போட்டிருந்தது. விலை ஏறியிருக்கிறது, விதி சேர்ந்திருக்கிறது, ஐம்பது பவுண்டு போயிருக்கிறது. நான் ஆட்டம் போட்டேன். நிஜமாகவே, பஸ்ஸுக்குள், சீருடையோடு. முன் சீட்டு அம்மாள், "லாட்டரி விழுந்துச்சாம்மா?" என்று கேட்டார். "இல்லீங்க, தோத்துட்டேன்!" என்றேன்.

இந்தத் தோல்விக்காகத்தான் ரெண்டு நாளாக வேண்டிக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

ஜனவரி 18

பப்பில் ஆறு பேரும் வட்டமாக உட்கார்ந்து பழங்கதை பேசுவது போல நேற்றைய ஓட்டத்தைப் பேசினார்கள். நெவில் என்னைப் பார்க்காமல் கேட்டான்: "போட்டியா?"

"போட்டுச்சு. அம்பது போச்சு."

 க்ளிஃப் மேஜையைத் தட்டினான். "அட! இவ எதிர்த்தா அது ஜெயிக்குது! ஜானிஸ் கண்ணு, அடுத்த ஓட்டத்துக்கும் போட்டுரு!"

"க்ளிஃப், வாயை மூடு. சொந்தக்காரன் தன் குதிரை தோக்கும்னு கட்டவும் கூடாது, இன்னொருத்தரைக் கட்டச் சொல்லவும் கூடாது. உங்களையெல்லாம் ரேஸை விட்டே துரத்திருவாங்க. நீ சொன்னது என் காதுல விழல" என்றேன்.

இந்த ராசி கெட்டவளுக்கு ரேஸ் சட்டம் கூடத் தெரிகிறதே என்று பார்த்தார்கள். சுகமாக இருந்தது.

பிப்ரவரி 11, ஞாயிறு

நெவில் மீனும் சிப்ஸும் வாங்கிக்கொண்டு வந்தான். வினிகர் எனக்குப் பிடித்த அளவு. மன்னிப்பு என்ற சொல் அவன் வாயில் வராது. வினிகரில் வந்தது.

"நீ சொல்லாமலே போட்டிருக்கலாமே. எதுக்கு வந்து சொன்னே?"

"உனக்குத் தெரியாம உன்னை எதிர்க்க எனக்குப் பிடிக்கல."

மென்பொருளைக் காட்டச் சொன்னான். நவம்பரிலிருந்து எதற்கெல்லாம் எதிராகப் போட்டது என்று காட்டினேன். பார்க்கப் பார்க்க சிப்ஸ் கையிலேயே நின்றது.

"இது நான் கட்டினது. இதுவும் நான் கட்டினது... ஐயோ, இதுக்கு நான் எவ்வளவு கட்டினேன் தெரியுமா?"

"அப்போ ராசி கெட்டது யாரு?"

வயிறு வலிக்கச் சிரித்தோம். அப்பா செத்ததற்கப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து இப்படிச் சிரித்ததாக நினைவில்லை.

கிளம்பும்போது கதவருகே நின்று சொன்னான்: குதிரையில் பங்குள்ள ஒருவன் மகளோடு இருக்க ஸ்பெயினுக்குப் போகிறானாம். "அவன் பங்கு சும்மா கிடக்கு. வேணும்னா எடுத்துக்க."

வேணும்னாவாம்.

மார்ச் 3

பங்குக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டேன். வீட்டுக்கு வந்ததும் லேப்டாப்பைத் திறந்து ஒரு நிபந்தனை சேர்த்தேன். குதிரையின் பெயர் பிஸ்கட் டின் என்றால், மற்றதெல்லாம் சேர்ந்தாலும், போடாதே.

ஜனவரியில் மனசு கேட்டும் இதை எழுத மறுத்தேன். இப்போது சட்டமே எழுதச் சொல்கிறது.  சந்தோஷம்தான்.

மார்ச் 12, செவ்வாய்

செட்ஜ்ஃபீல்டு மைதானம். பச்சைக் கோட்டு, அத்தை கல்யாணத்துக்கு வாங்கிய தொப்பி. வட்டத்தின் நடுவே, புல்லில், நின்றேன். பிஸ்கட் பக்கத்தில் வந்து மூச்சு விட்டது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். நெவில்தான், "தடவிக் கொடேன், என்ன இப்போ?" என்றான். கழுத்தில் தடவினேன். வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்றாவதாக வந்தது.

என் ராசிதான் என்று யாராவது சொல்வார்கள் என்று காத்திருந்தேன். க்ளிஃப் சொன்னான், ஜாக்கி சீக்கிரமே விரட்டிவிட்டானாம். நெவில் ஷூ குதியால் தரையைக் குத்திப் பார்த்தான். "காஞ்சு போச்சு. இந்தத் தரையில எந்தக் குதிரைதான் ஓடும்? என்ன ஜானிஸ்?"

"ஆமா, தரைதான்" என்றேன்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இருக்கட்டுமே. முப்பது வருஷத்தில் முதல் முறையாக இன்றைக்குக் கூடம்தான் கோணல், நான் இல்லை.

வேறு மைதானத்தில் மென்பொருள் இரண்டு குதிரைக்கு எதிராகப் போட்டு, இரண்டும் தோற்றுப் பணம் வந்திருக்கிறது. வீட்டுக்கு வந்துதான் பார்த்தேன்.