மாடியிலும் கடையிலும் ஒரே மெயில்

ஐப்பசி 9, வியாழன்

கோயம்புத்தூர் கல்லூரியிலிருந்து வேலைக்கு வரச் சொல்லி மெயில் வந்திருக்கிறது. நான் பார்ப்பதற்கு முன்பே அதைத் திறந்து படித்திருக்கிறார்கள். புதிய மெயில் தடித்த எழுத்தில் இருக்கும். இது அப்படி இல்லை.

மாடியில் என் கம்ப்யூட்டர், கீழே ஏலக்காய்க் கடையில் என் வீட்டுக்காரருடையது. இரண்டிலும் திறப்பது கடையின் மெயில்தான். தனியாக ஒன்று தொடங்கியிருந்தால் எதற்கென்று கேட்டிருப்பார். இந்த வயதில் யார் கூப்பிடப் போகிறார்கள் என்று விண்ணப்பத்தில் அதையே கொடுத்திருந்தேன்.

சாப்பிடும்போது கேட்டார். "கோயம்புத்தூர்ல இப்பக் குளிருமாக்கும்?"

"தெரியல."

"எம்.ஏ. படிச்சவுகளுக்கே தெரியலன்னா எங்களுக்கு எங்கிட்டுத் தெரியும்?" என்று சிரித்தார். "நாளைக்கு போடிமெட்டுல இருந்து லோடு வருது. வெரசா எந்திரி."

கை கழுவிவிட்டுக் கடைக்கு இறங்கிப் போனார்.

நாளைக்குள் கல்லூரிக்குப் பதில் அனுப்ப வேண்டும். மாடிக்கு வந்து, சேர்கிறேன் என்று நான்கு வரி எழுதினேன். உடனே அனுப்பத் துணியவில்லை. அப்படியே மெயிலில் சேமித்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவப் போனேன். திரும்பி வந்தபோது அந்த நான்கு வரியும் இல்லை. கீழே உட்கார்ந்து அழித்திருக்கிறார். கல்லூரியின் மெயிலை மட்டும் விட்டுவைத்திருக்கிறார்.

மறுபடி எழுத எவ்வளவு நேரமாகும்? எழுத எழுத அவர் பார்த்துக்கொண்டிருப்பார் என்ற நினைப்பில் ஒரு வார்த்தையும் வரவில்லை. கடை விளக்கு இன்னும் அணையவில்லை.