துரையிடம் சோதித்த பாடம்

பத்து காஜா, மலாயா, 1927

சென்னையில் மனோதத்துவம் படிக்கும் என் மகனுக்கு,

கோபக்காரனிடம் காரணம் கேட்டால் அவன் கை தணியும் என்று எழுதியிருந்தாயே. அதை நம்பி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குத் தாமதமாக வந்த தோட்டத்துக் கூலிக்காரி காளியம்மாவைப் பிரம்பால் விளாசிக்கொண்டிருந்த துரையிடம் போய், "மனசில் என்ன வருத்தம் துரை?" என்று கேட்டேன். பிரம்பு என் பக்கம் திரும்பிவிட்டது. முன்பல் இரண்டு போச்சு, வலது கை முறிந்துவிட்டது. இது ஆஸ்பத்திரியில் கிடந்து எழுதும் இடது கையெழுத்து, சிரிக்காதே.

காளியம்மா தப்பிவிட்டாள். பார்க்க வந்தவள், "இனிமே வாயத் தொறக்காதிங்க கிராணி ஐயா, மிச்சப் பல்லும் போயிரும்லா" என்றாள்.

இந்தப் படிப்புக்கு என்ன வேலை கிடைக்கும், விட்டுவிட்டு வந்து உங்களைப்போல் தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணியாகட்டுமா என்று கேட்டாய். துரையும் என் இடத்துக்கு உன்னைத்தான் கேட்கிறார். வராதே.

உன் பாடம் பாதி பலித்தது, அடி அவளை விட்டு என்னிடம் வந்தது. யார் மேலும் விழாமல் நிறுத்துகிற மீதிப் பாதியைப் படித்து முடி. அந்த வேலைக்குத்தான் இங்கே ஆளில்லை.

இப்படிக்கு,
கஞ்சி மட்டும் குடிக்கும் உன் அப்பா