துணி டயப்பரும் நான் பிடித்த பிடியும்

மார்ச் 3, திங்கள்

பாப்பாவுக்குப் பின்பக்கம் மறுபடி செக்கச்செவேல். கடை டயப்பரைக் கழற்றியதுமே வீறிட்டாள். உட்காரப் பழகும் வயது. தலையணை சார்த்தி உட்கார வைத்தால், தரை பட்டதும் அலறிக் கவிழ்ந்துவிடுகிறாள். டாக்டர், "இந்த டயப்பர் ஒத்துக்கல, வேற மாத்திப் பாருங்க" என்றார். எத்தனையோ மாற்றியாகிவிட்டது! இனி துணிதான் என்று மனைவியிடம் சொல்லிவிட்டேன். துவைப்பதும் நானே என்றும் சொல்லிவிட்டேன். வாய் சும்மா இருந்தால்தானே?

மார்ச் 4

அக்கா தன் பிள்ளைகளுக்குக் கட்டிய துணி டயப்பர்களை மூட்டையாக அனுப்பியிருக்கிறாள். தண்ணீர் கசியாத மேலுறை, உள்ளே வைக்கப் பருத்திப் பட்டை. போனில், "டேய், உன் பனியனையே நீ துவைச்சதில்லையேடா" என்று ஒரே சிரிப்பு. சிரிக்கட்டும்.

மார்ச் 7

கை பழகிவிட்டது. பருத்தி முரடாக இருக்கிறதே, பிள்ளைக்குக் குத்துமே என்று, துணி மெத்தென்று ஆக ஊற்றும் வாசனைத் திரவத்தைத் தாராளமாக ஊற்றி அலசினேன். பூ மாதிரி ஆகிவிட்டது. என்ன மூளை எனக்கு!

மார்ச் 10

மூளையாவது மண்ணாவது. வேலைக்குக் கிளம்பிய மனைவியின் மடியெல்லாம் ஈரம். பாப்பாவுக்கு அப்போதுதான் கட்டிய துணி! உடை மாற்றிக்கொண்டே சொன்னாள்: "அடுத்த வாரம் பாப்பாவைக் குழந்தைகள் காப்பகத்துல விடணும். அங்க இப்படி ஒழுகினா ஒத்துக்குவாங்களா? பேசாம பழைய டயப்பருக்கே போயிடலாங்க."

பழையதற்குப் போனால் மறுபடி அந்தப் புண். ஏன் ஒழுகுது? துவைச்சுக் காய வெச்சதுதானே? என்னதான் பண்ணித் தொலைச்சேன்?

மார்ச் 11

கண்டுபிடித்துவிட்டேன்! எரிச்சலில் ஒரு பட்டையின் மேல் தண்ணீரை ஊற்றினேன். உறிஞ்சவே இல்லை, முத்து முத்தாக உருண்டு ஓடியது. அந்த வாசனைத் திரவம் நூலெல்லாம் வழவழவென்று படிந்திருக்கிறது. பிறகு எப்படி உறிஞ்சும்? அக்காவிடம் சொன்னேன். "அடப்பாவி, அதையா ஊத்தின? கொதிக்கிற தண்ணில போட்டு வழவழப்பு போறவரைக்கும் அலசு" என்றாள்.

அலசினேன், அலசினேன், இடுப்பு கழன்றது. காய்ந்ததும் அதே பட்டையில் தண்ணீர் — ஒரு சொட்டு கீழே விழவில்லை! கூடத்தில் ஆட்டமே போட்டேன். அப்பாவுக்கு என்ன ஆச்சு என்று பாப்பா பார்த்தாள்.

மார்ச் 17

காப்பகத்துப் பொறுப்பாளர் அம்மா துணியைக் கண்டதும் முகம் சுளித்தார். "இதெல்லாம் வேணாம் சார். ஒழுகினா யாரு துடைக்கிறது?"

பட்டை வைத்த டயப்பரை மேசையிலிருந்த அவருடைய கைப்பை மேலேயே விரித்து, ஒரு டம்ளர் தண்ணீரை ஊற்றினேன்.

"சார்! சார்!" என்று எழுந்துவிட்டார்.

தூக்கிக் காட்டினேன். பையில் பொட்டு ஈரம் இல்லை. அவர் தடவிப் பார்த்தார், திருப்பிப் பார்த்தார். மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பை அடக்கினாள்.

"சரி, விட்டுட்டுப் போங்க. ஆனா கழட்டினதை நீங்கதான் எடுத்துட்டுப் போகணும்."

தாராளமாக!

மார்ச் 20

ஒழுகவில்லை. பின்பக்கச் சிவப்பும் மங்கி வருகிறது.

மார்ச் 29

பாப்பாவைத் தரையில் விட்டுவிட்டுத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். சத்தத்தையே காணோம். என்ன வம்போ என்று திரும்பினால், தலையணையும் இல்லை, ஒன்றும் இல்லை — பின்பக்கத்தைத் தரையில் அழுத்தி ஊன்றி, தானாக உட்கார்ந்திருக்கிறாள். வாயில் ஒரு பருத்திப் பட்டை.

மனைவியைக் கூப்பிட்டேன். ஓடி வந்து எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அழவே இல்லங்க" என்றாள்.

அழுதது நாங்கள் இரண்டு பேரும்தான்.